கடலில் குடித்தனம்: கேள்வி – பதில்

மீன்பிடிக்கப் போய்த் திரும்புவது வேறு, படகிலேயே சமைத்து, உறங்கி, வாரக்கணக்கில் கரையோரமாக நகர்ந்துகொண்டிருப்பது வேறு. இரண்டாவதைப் பற்றி நெல்லைச் சீமையிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். தங்குகடல் தொழிலுக்கு (பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிப்பது) போகிறவர்கள் கேட்ட ஒன்றிரண்டையும் சேர்த்திருக்கிறோம்.

கே: பழைய 32 அடி ஃபைபர் படகு ஒன்றை வாங்கி, அறை வைத்துச் சீர்செய்து வருகிறேன். நானும் மனைவியும் கன்னியாகுமரியிலிருந்து தூத்துக்குடி வரை, அங்கங்கே நிறுத்தி, மூன்று வாரம் படகிலேயே தங்கிப் போக ஆசை. எந்த மாதம் சரி? எங்கெங்கே நிறுத்தலாம்?
– பாளையங்கோட்டை வாசகர்

ப: முதலில் கசப்பான செய்தி. கன்னியாகுமரியை அடுத்த சின்னமுட்டம் துறைமுகத்தை விட்டால் தூத்துக்குடி வரை நிம்மதியாக உறங்கத்தக்க துறைமுகம் உங்களுக்குக் கிடையாது. கூட்டப்புளி, பெருமணல், இடிந்தகரை, கூத்தங்குழி, உவரி எல்லாமே திறந்த கடற்கரை. அங்கே கட்டியிருக்கும் தூண்டில் வளைவுகள் வள்ளம் ஏற்றி இறக்கவும் மண் அரிப்பைக் குறைக்கவும்தான். அதற்குள் ஒதுங்கி ராத்தங்கலாம் என்று நினைக்காதீர்கள். உள்ளூர்க்காரர்கள் விடியக்காலை வள்ளம் இறக்கும் வழியை மறித்துக்கொண்டு நிற்பீர்கள். கூடங்குளம் அணுமின் நிலையத்தின் முன்னுள்ள கடல் பாதுகாப்புப் பகுதி; நன்றாக விலகிப் போய்விடுங்கள்.

மொத்த தூரம் சுமார் 60 கடல் மைல். 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் 12 மணி நேரம். பாதிக்குச் சற்று மேலே மணப்பாடு வருகிறது. அங்கே மேடு கடலுக்குள் நீட்டிக்கொண்டிருப்பதால், தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும் அலைக்கு வடபக்கத்தில் ஓரளவு மறைப்பு உண்டு. வாடைக்காற்று அடிக்கும்போது அதே இடம் எதற்கும் உதவாது. அதிகாலை 4 மணிக்குச் சின்னமுட்டத்தை விட்டால் முற்பகலில் மணப்பாடு. வெளிச்சம் இருக்கும்போது இடம் பார்த்து நங்கூரம் போடலாம். முனைக்கு வெளியே பார்கள் (கடலடிப் பாறைகள்) உண்டு. கரையை ஒட்டி வெட்டிப் போகாமல், கடற்படத்தைப் பார்த்துச் சுற்றிப் போங்கள். டேராடூனில் உள்ள தேசிய நீரியல் அலுவலகம் வெளியிடும் படமே நம்பத்தக்கது. கைப்பேசி வரைபடத்தில் கடல் வெறும் நீலமாகத்தான் தெரியும்.

மாதத்தைப் பொறுத்தவரை தை கடைசி முதல் பங்குனி நடு வரை. ஆனி, ஆடி, ஆவணியில் கச்சான் (தென்மேற்கு) காற்று. அந்த நாட்களில் இந்தக் கரையில் சுற்றுலாப் பேச்சே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை என்பதை மறக்கக்கூடாது. சித்திரையிலும் வானம் தெளிவாக இருக்கும், காற்றும் இருக்காது, ஆனால் கள்ளக்கடல் வரும். தெற்கே இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த காற்றில் கிளம்பிய நெடிய அலை அது. இங்கே ஓர் அறிகுறியும் காட்டாமல் கரையை ஏறி அடிக்கும். இதற்கு ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் முன்னறிவிப்பு தருகிறது; நங்கூரம் போடும் ஒவ்வொரு நாளும் அதைப் பாருங்கள். மேலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். துறைமுகங்களில் படகுகள் அடுக்கடுக்காகக் கட்டிக்கிடக்கும், உங்களுக்கு இடம் கிடைக்காது.

தூத்துக்குடிக்கு வடக்கே போகும் எண்ணம் இருந்தால், அங்கிருந்து ராமேஸ்வரம் வரை உள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதியின்றி இறங்கக்கூடாது, பவளப்பாறை மேல் நங்கூரம் போடவே கூடாது. கிழக்கே சற்று அசந்தால் இலங்கையுடனான எல்லைக்கோடு. ஜி.பி.எஸ்ஸில் அந்தக் கோட்டைப் பதிந்து, தொடும் முன்பே எச்சரிக்கை மணி அடிக்கும்படி வையுங்கள்.

கிளம்பும் முன் எங்கே போகிறீர்கள், எப்போது சேர்வீர்கள் என்று கரையில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093, வி.எச்.எஃப். ரேடியோவில் 16ஆம் சேனல். இந்த மூன்றையும் சுக்கான் பக்கத்தில் பெயின்ட்டால் எழுதிவையுங்கள். பதற்றத்தில் எண் நினைவுக்கு வராது.

கே: அண்ணாச்சி, மூணு பாகம் ஆழத்தில் பத்து பாகம் கயிறு விட்டும் நங்கூரம் இழுக்குது. நங்கூரம் எடை பத்தலையா?
– உவரி வாசகர்

ப: எடையில் குறை இல்லை, கயிறுதான் பத்தவில்லை. மூன்று பாகம் என்றால் ஐந்தரை மீட்டர். அணியம் (படகின் முன்பக்கம்) தண்ணீருக்கு மேலே ஒரு மீட்டர் இருக்கும். அதையும் ஆழத்தோடு சேர்க்க வேண்டும். ஆக ஆறரை மீட்டர். நீங்கள் விட்டது 18 மீட்டர், மூன்று மடங்குகூட இல்லை. அலை அணியத்தைத் தூக்கும்போது கயிறு நங்கூரத்தை மேல்நோக்கி இழுக்கிறது. நங்கூரத்தின் கொழுவு (மண்ணில் குத்தும் கை) மண்ணிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. தரையோடு படுக்கையாக இழுத்தால்தான் கொழுவு மேலும் மேலும் புதையும். பகலில் ஆள் விழித்திருக்கும்போது ஐந்து மடங்கு, அதாவது 18 பாகம். இரவில் ஏழு மடங்கு, 25 பாகம். நங்கூரத்தை ஒட்டி 8 மி.மீ. சங்கிலி ஆறு முதல் பத்து மீட்டர் போடுங்கள். அதன் கனம் கயிறைத் தரையோடு அமுக்கி வைக்கும், மணலிலும் பாறையிலும் தேய்ந்து அறாது.

இன்னொன்று, நம் பக்கத்து நாலு கை நங்கூரம் பாருக்கு நல்லது. வெறும் மணலுக்கு அது கோடு கிழித்துக்கொண்டே வரும். மணலில் தங்குவதாக இருந்தால் கலப்பைக் கொழு போன்றதோ, இரண்டு தட்டை இலை உள்ளதோ வேண்டும். பாரில் போடும்போது நங்கூரத்தின் தலைப்பக்கம் ஒரு மெல்லிய கயிறும் மிதவையும் கட்டிவிடுங்கள். சிக்கிக்கொண்டால் பின்பக்கமிருந்து இழுத்து எடுக்கலாம்.

போட்ட பின் எஞ்சினைப் பின்னோக்கி மெதுவாக ஓட்டி இழுத்துப் பாருங்கள். கயிறில் கை வைத்தால் நங்கூரம் பிடித்திருக்கிறதா, இழுக்கிறதா என்று தெரியும். இழுத்தால் கயிறு விட்டுவிட்டு அதிரும். பிறகு கரையில் இரண்டு அடையாளம் பிடித்துக் கணியம் பார்த்து வையுங்கள். பகலில் கோயில் கோபுரம், இரவில் காற்றாலைகளின் சிவப்பு விளக்கு. கோணம் மாறினால் படகு நகர்கிறது. கயிறு அணியத்தில் உரசும் இடத்தில் பழைய ரப்பர் ஹோஸைக் கிழித்துச் சுற்றுங்கள்.

கள்ளக்கடல் அறிவிப்பு இருந்தால் கரைக்கு நெருங்கி நிற்காதீர்கள். அலை உயரத்தைப் போல ஏறக்குறைய ஒன்றேகால் மடங்கு ஆழத்தில் அலை உடையும். இரண்டு மீட்டர் அலை இரண்டரை மீட்டர் ஆழத்தில் உடைந்தால், அதைப் போல இரண்டு மடங்கு ஆழம் உள்ள இடத்துக்கு வெளியே தள்ளி நிற்பதே புத்தி.

கே: இரண்டு பேருக்கு எவ்வளவு தண்ணீர் கொண்டுபோக வேண்டும்? பெரிய டேங்க் ஒன்றே போதுமா?
– நாங்குநேரி வாசகர்

ப: குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஐந்து லிட்டர், அலம்பலுக்கு ஐந்து லிட்டர். இரண்டு பேருக்கு நாளைக்கு 20 லிட்டர், பத்து நாளைக்கு 200 லிட்டர். அதற்கு மேல் மூன்று நாள் தண்ணீரைத் தனியாக வைத்து அதைத் தொடவே கூடாது. கடல் கெட்டுக் கரையேற முடியாத நாளுக்கு அது.

ஒரே பெரிய டேங்க் வேண்டாம். பாதி குறைந்ததும் தண்ணீர் இங்குமங்கும் சாய்ந்து, படகு ஒருபக்கம் சரியும்போது அதே பக்கம் ஓடி இன்னும் சரிக்கும். மேலும் ஒன்று கெட்டால் எல்லாம் கெட்டது. 20 லிட்டர் கேன் பத்து, அவற்றை நடுப்படகில், கீழே, அசையாமல் கட்டுங்கள். 200 லிட்டர் என்றால் 200 கிலோ. மேல்தட்டில் ஏற்றி வைத்தால் படகு தலைகனத்து உருளும்.

ஊர்க் குழாயில் பிடித்த தண்ணீர் வெயிலில் நாலு நாளில் பாசி வாடை அடிக்கும். வாசனை சேர்க்காத 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் 20 லிட்டருக்கு 2 மில்லி, அரை மணி நேரம் விட்டுக் குடியுங்கள். பிளீச்சிங் பவுடர் கணக்கு 1000 லிட்டருக்கு இரண்டரை கிராம். படகின் ஈரத்தில் அது சீக்கிரம் வீரியம் இழக்கும் என்பதால் எங்கள் பரிந்துரை கரைசலுக்கே.

குளியலுக்கு: கட்டிச் சோப்பு கடல் தண்ணீரில் நுரைக்காது, கால்சியமும் மக்னீசியமும் அதைத் திரிதிரியாக்கிவிடும். ஷாம்பு நுரைக்கும். கடல் தண்ணீரில் ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு, கடைசியில் நல்ல தண்ணீர் ஒன்றரை லிட்டர். வயலுக்கு வாங்கும் கையடி தெளிப்பான், மருந்து தொடாத புதியது, இதற்கு அருமையான ஷவர். உப்பை உடம்பில் காயவிட்டுப் படுத்தால் இரவெல்லாம் பாய் நசநசக்கும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

சோறு வடிக்கும் தண்ணீரில் நாலு பங்கு நல்லது, ஒரு பங்கு கடல் நீர் சேர்த்தால் லிட்டருக்கு ஏழு கிராம் உப்பு; வேறு உப்பு வேண்டாம். துறைமுகத் தண்ணீரில் இதைச் செய்யாதீர்கள்.

கே: வீட்டு கேஸ் அடுப்பையே படகறைக்குள் வைத்துக்கொள்ளலாமா?
– திசையன்விளை வாசகி

ப: அடுப்பை வைக்கலாம், சிலிண்டரை வைக்கக்கூடாது.

சமையல் வாயு காற்றைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனம். வீட்டில் கசிந்தால் வாசல்படி தாண்டி வெளியே போக வழியாவது உண்டு. படகில் வாசல்படி கிடையாது. கசிந்தது எல்லாம் அடிப்பள்ளத்தில் தண்ணீர் போலத் தேங்கும். எத்தனை ஜன்னல் திறந்தாலும் அது மேலே ஏறாது. பிறகு பம்ப் மோட்டார் தானாக ஓட ஆரம்பிக்கும், அல்லது எஞ்சினுக்குச் சாவி போடுவீர்கள். ஒரு பொறி போதும்.

ஆகவே 5 கிலோ சிலிண்டராக வாங்கி மேல்தட்டில், பின்பக்கம், அறைக்கு வெளியே ஒரு பெட்டியில் நிறுத்துங்கள். பெட்டியின் அடியில் அரை அங்குலக் குழாய் ஒன்று கடலுக்கு வெளியே திறக்க வேண்டும். கசிந்தால் அந்த வழியே கீழே வழிந்துபோகும். அந்தத் துவாரத்தைக் கயிறோ வலையோ அடைத்துக்கொள்ளாமல் பாருங்கள். ஹோஸ் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக இருக்கட்டும். தடுப்பைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள். படகு அதிர்ந்துகொண்டே இருப்பதால் மரத்தின் விளிம்பு ஹோஸை அறுக்கும். வீட்டில் ஐந்து வருடம் ஓடும் ஹோஸை இங்கே இரண்டு வருடத்தில் மாற்றிவிடுவது நல்லது. மாதம் ஒருமுறை எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். சிலிண்டரின் அடிவளையம் உப்பில் துருப்பிடிக்கும். ரப்பர் பாய் போட்டு அதன்மேல் வையுங்கள்.

சமைத்து முடிந்ததும் அடுப்பை அணைக்காமல் ரெகுலேட்டரை மூடுங்கள். ஹோஸில் மிஞ்சிய வாயு எரிந்து தானே அணையும். அதன் பிறகு அடுப்புத் திருகை மூடுங்கள்.

வாடை வந்துவிட்டால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், அணைக்கக்கூட. எஞ்சின் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, எல்லா மூடிகளையும் திறந்து, பிளாஸ்டிக் வாளியால் அடிப்பள்ளத்திலிருந்து மொண்டு மொண்டு வெளியே கொட்டுங்கள். வெறும் வாளியைக் கொட்டுவது போலத் தெரியும். கனமான வாயு என்பதால் வாளியில் வரும். கைப்பம்ப் இருந்தால் அதையும் அடியுங்கள்.

இந்த வேலைக்கெல்லாம் மனம் இல்லையென்றால் மண்ணெண்ணெய் ஸ்டவ். புகை, வாடை, கரி எல்லாம் உண்டு. வெடிக்கும் பயம் மிகவும் குறைவு. இரண்டில் எதுவானாலும் காற்று புகாமல் அடைத்த அறையில் எரிய விட்டுத் தூங்காதீர்கள்.

கே: எங்கள் ஊரைச் சுற்றிக் காற்றாலைகள். படகிலும் சின்னக் காற்றாலை ஒன்று வைத்தால் கரண்ட் பிரச்சினை தீருமே?
– ராதாபுரம் வாசகர்

ப: முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பது ஆரல்வாய்மொழிக் கணவாய் காற்றை நெருக்கி வேகமாக அனுப்புவதால். நீங்களோ காற்றடிக்காத இடமாகத் தேடிப்போய் நங்கூரம் போடுகிறீர்கள்!

காற்றின் வேகம் பாதியானால் கிடைக்கும் சக்தி எட்டில் ஒன்றாகிவிடும். 1.2 மீட்டர் விட்டமுள்ள விசிறி, நொடிக்கு 10 மீட்டர் காற்றில் ஏறக்குறைய 200 வாட் தரும். 5 மீட்டர் காற்றில் 25 வாட். 3 மீட்டரில் ஒரு விளக்கு எரியும். அதற்கு இரவெல்லாம் அது போடும் சத்தத்தைக் கேட்க வேண்டும். நம் வெயிலுக்கு சோலார்தான்.

கணக்கு இப்படி. மூன்று விளக்கு, 5 வாட், நாலு மணி நேரம்: 60. நங்கூர விளக்கு 3 வாட், இரவு முழுக்க 12 மணி நேரம்: 36. இரண்டு 15 வாட் மின்விசிறி, எட்டு மணி நேரம்: 240. ஜி.பி.எஸ்ஸும் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரும் ஆறு மணி நேரம்: 90. ரேடியோ கேட்டுக்கொண்டிருக்க: 60. கைப்பேசிகளுக்கு 30. ஆக நாளைக்கு 516 வாட்-மணி. 12 வோல்ட்டில் 43 ஆம்பியர்-மணி. 100 வாட் பேனல் ஒன்று, இழப்பெல்லாம் போக, நல்ல வெயிலில் 350 முதல் 400 தரும். எனவே 200 வாட் போடுங்கள். ஆன்டெனாவின் நிழல் ஒரு கோடாக விழுந்தாலே பேனலின் உற்பத்தி பெரிதும் சரியும். இடத்தை அதற்கேற்பப் பாருங்கள்.

லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். மேகமூட்டத்துக்கு இரண்டு நாள் கையிருப்பு வேண்டுமென்றால் 180 ஆம்பியர்-மணியாவது தேவை. சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தால் 12.7 வோல்ட் நிறைவு, 12.2 பாதி. எஞ்சின் ஸ்டார்ட் பேட்டரி எப்போதும் தனி. மின்விசிறி ஓட்டிவிட்டு விடியலில் எஞ்சின் கிளம்பாமல் அலையில் படகுகள் நிற்பதற்கு அதைத் தனியாக வைக்காததுதான் காரணம்.

ஒயர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பேட்டரியிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி 10 ஆம்பியர் இழுக்கும் பம்புக்கு 2.5 சதுர மி.மீ. ஒயர் போட்டால் வழியிலேயே 0.7 வோல்ட் போய்விடும். 6 சதுர மி.மீ. போட்டால் 0.3. வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் வாங்குங்கள். வீட்டு ஒயர் உப்புக் காற்றில் உறைக்குள்ளேயே கறுத்துப் பொடியும். பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ்.

கே: கழிப்பறை? யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை.
– வள்ளியூர் வாசகி

ப: இரவில் படகின் விளிம்பில் நின்று சிறுநீர் கழிக்கும்போது கடலில் விழுந்து காணாமல் போகிறவர்கள் உண்டு. அதனால் இது கூச்சப்படுகிற விஷயமல்ல, பாதுகாப்பு விஷயம். ஆண்களும் உட்கார்ந்து, உள்ளே, என்று முதல் நாளே விதி போட்டுவிடுங்கள்.

பம்ப் அடிக்கும் கப்பல் கழிப்பறைக்கு படகின் அடியில் இரண்டு ஓட்டை போட வேண்டும். பழைய ஃபைபர் படகில் அது தேவையற்ற வம்பு. உலர் முறை போதும்: இறுக்கமான மூடியுள்ள வாளி, மலத்தின் மேல் ஒவ்வொரு முறையும் இரண்டு கைப்பிடி தென்னை நார்த்தூள், சிறுநீருக்குத் தனிக் கேன். இரண்டும் கலந்தால்தான் நாறும். நார்த்தூள் நம் ஊரில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். வாளியைக் கரையில் கொண்டுபோய்க் குழியில் புதையுங்கள். திரை கெட்டித் துணியாக, நாலு பக்கமும் கட்டியதாக இருக்கட்டும். காற்றில் பறக்கும் திரை திரையே அல்ல. நாப்கினை உறையிட்டுக் கரைக்குத்தான்.

கே: தங்குகடலிலிருந்து வந்தபிறகு மீன் அறையைக் கழுவ இறங்கியவர் மயங்கிவிட்டார். மீனுக்குள் என்ன விஷம்?
– கூடுதாழை வாசகர்

ப: அழுகிய மீன் கழிவும் அடியில் தேங்கிய தண்ணீரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்கும். முதலில் கூமுட்டை வாடை அடிக்கும். அளவு கூடியதும் மூக்கு மரத்து வாடையே தெரியாது. வாடை நின்றதும் வாயு போய்விட்டது என்று இறங்குகிறார்கள். உயிர் போவது அப்படித்தான்.

எல்லா மூடிகளையும் திறந்து, மேலிருந்தே தேங்கிய தண்ணீரை பம்ப் வைத்து இறைத்து, அரை மணி நேரமாவது விசிறியால் காற்றடியுங்கள். இறங்குகிறவர் இடுப்பில் கயிறு, மேலே பிடிக்க ஆள். உள்ளே விழுந்தவரைத் தூக்கப் பின்னாலேயே குதிக்காதீர்கள். ஒருவர் போக வேண்டிய இடத்தில் மூன்று பேர் போவது இதனால்தான். கயிறால் இழுங்கள். மெழுகுவர்த்தி கொளுத்திப் பார்க்கும் சோதனை கூடவே கூடாது, அந்த வாயு தீப்பிடிக்கும்.

கே: துணி, பாய் எல்லாம் பூஞ்சை. கருப்பட்டி உருகுகிறது.
– மணப்பாடு வாசகி

ப: மெத்தைக்கு அடியில் பலகை முழுதாக இருந்தால் உடம்பின் வியர்வை அடியில் தங்கும். பட்டைகளை இரண்டு விரல் இடைவெளி விட்டு அடியுங்கள். பத்தமடைப் பாயைப் படகுக்குக் கொண்டுவந்து பாழாக்காதீர்கள். பிளாஸ்டிக் நெசவுப் பாய் போதும். கடல் தண்ணீரில் அலசிய துணி காயவே காயாது. கருப்பட்டி, உப்பு, பருப்பு எல்லாம் அகல வாய் டப்பாவில், மூடியில் ரப்பர் வளையத்தோடு. புளிமிளகாய் எண்ணெய் மிதக்கக் காய்ச்சினால் வாரம் தாங்கும். தடியங்காய் (வெண்பூசணி), சேனை, சின்ன வெங்காயம் ஐஸ் இல்லாமலே இருக்கும். அட்டைப்பெட்டியைப் படகில் ஏற்றாதீர்கள், கரப்பான் முட்டை அதன் மடிப்பில் ஒட்டிக்கொண்டு வரும்.

கே: படகின் அடியில் உள்ள வால்வு பித்தளைதானே, துருப்பிடிக்காதே?
– பணகுடி வாசகர்

ப: துருப்பிடிக்காது, ஆனால் உளுத்துப்போகும். சாதாரணப் பித்தளையில் உள்ள துத்தநாகத்தைக் கடல் நீர் தின்றுவிடும். மிஞ்சுவது பஞ்சுபோன்ற செம்பு. வெளியே பார்த்தால் வால்வு அப்படியே இருக்கும். கத்தியால் சுரண்டினால் மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அது முடிந்த கதை. கை பட்டாலே ஒடியும். வெண்கல வால்வு போடுங்கள். குழாய்க்கடையில் கிடைப்பது பெரும்பாலும் பித்தளை.

ஒடிந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். தண்ணீர் மட்டத்துக்கு ஓர் அடி கீழே ஓர் அங்குல ஓட்டை நிமிடத்துக்கு 40 லிட்டருக்கு மேல் உள்ளே விடும், மணிக்கு 2500 லிட்டர். மணிக்கு 2000 லிட்டர் என்று அட்டையில் போட்ட பம்ப், தண்ணீரை ஒரு மீட்டர் மேலே ஏற்றி, வளைந்த குழாய் வழியே தள்ளும்போது அதில் பாதியைத் தந்தாலே அதிகம். ஆகவே பம்பை நம்பி இருக்க முடியாது. ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் அதன் துவாரத்துக்குச் சரியாகச் செதுக்கிய கூம்பு மரத்தக்கை ஒன்றைச் சிறு கயிறால் கட்டித் தொங்கவிடுங்கள், பக்கத்தில் ஒரு சுத்தியல். மென்மையான மரமாக இருந்தால் ஊறி இறுகும்.

துடுப்பு விசிறியின் தண்டில் மாட்டும் துத்தநாகக் கட்டி பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். அழகுக்காக அதன்மேல் பெயின்ட் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். பெயின்ட் அடித்த கட்டி கரையாது, அதற்குப் பதிலாக உங்கள் விசிறி கரையும். வெதுவெதுப்பான இந்தக் கடலில் கொட்டலசு (அடியில் ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சிறு கடலுயிர்) சில வாரங்களிலேயே ஒட்டிவிடும். எஞ்சினைக் குளிர்விக்கும் கடல் நீர் உள்ளே வரும் வலைச்சல்லடையை முதலில் சுரண்டுங்கள், படகின் அடிப்பாகம் அதற்கு அப்புறம்.